நீல டப்பா

நான் அடித்துக்கொண்டிருந்தது ஆம்பிளை சென்ட். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க வேண்டாம். நீல டப்பா, கறுப்பு மூடி, மேலே தாடி வைத்த ஒருத்தன் படம். பொம்பளைகளுக்கென்று ரோஸ் நிறத்தில் விற்றதெல்லாம் நான் லஸ் கார்னரில் பஸ் ஏறுவதற்குள் ஆவியாகிப் போய்விடும். கறுப்பு புர்கா, கத்திரி வெயில், அடையாறு வரைக்கும் கம்பியைப் பிடித்துத் தொங்க வேண்டிய கூட்டம். அதற்கெல்லாம் ஈடுகொடுத்தது அந்த ஒரு டப்பாதான். அடையாறில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க்காக இருந்தேன். காலையில் எந்த வாசனையோடு போனேனோ அதே வாசனையோடு சாயங்காலம் வீடு திரும்புவேன்.

புகுந்த வீட்டில் எல்லோரும் அத்தர் பூசுகிறவர்கள். எனக்கு அத்தர் பட்டால் மண்டை இடிக்கும். "இன்னாம்மா நஸ்ருன்னிசா, ஆம்பள மாதிரி வாசன அடிச்சிக்கினு வர்ற?" என்று மாமியார் முகம் சுளித்தபோது, என் வீட்டுக்காரர் அக்பர் பாஷா சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "அது அவ வாசனைம்மா, வுடு" என்றார். புதுப்பெண்ணுக்கு அதைவிட என்ன வேண்டும்?

அவருக்கு அது வசதியாகவும் இருந்தது. எங்கள் சொந்தக்காரர் கல்யாணங்களில் மண்டபம் நிறைய முகம் மூடிய கறுப்பு புர்காக்கள். கிளம்புகிற நேரத்தில் மற்ற ஆண்கள் எல்லாம் வாசலில் நின்று பிள்ளைகள் பெயரைச் சொல்லி, அவன் அம்மா எங்கே, இவள் அம்மா எங்கே என்று கத்திக்கொண்டிருப்பார்கள். இவர் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் கூட்டத்தின் ஓரமாக நடந்து வந்து நேராக என் பக்கத்தில் நிற்பார். "போலாமா?" என்பார். ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க என்று கேட்டால் மூக்கைத் தட்டிக் காட்டுவார்.

தி. நகரில் ஒரு மேட்சிங் சென்டரில் வேலை பார்த்தவர். புடவைக்கு ஏற்ற ரவிக்கைத் துணியும் லைனிங்கும் ஃபால்ஸும் விற்கிற கடை. புடவையைப் பையிலிருந்து முழுசாக எடுக்கவே வேண்டாம், ஒரு முனை தெரிந்தால் போதும், சுவர் முழுக்க அடுக்கியிருக்கிற துணியில் சரியானதை உருவிப் போட்டுவிடுவார். அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் மயில்கழுத்துப் புடவைக்குக் கிளிப்பச்சை பிட்டைக் கிழித்துக் கொடுத்தார். அப்புறம் அடிக்கடி அப்படி நடந்தது. முதலாளி நல்லவர், சால்வை போட்டு மரியாதையாக வீட்டுக்கு அனுப்பினார். ஆழ்வார்பேட்டை டாக்டர் தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மறதி நோய் என்றார். ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொன்று முதலில் போகும், இவருக்கு முகங்கள் போகின்றன என்றார்.

போயின. கூடப் பிறந்த தம்பியைத் தெரியவில்லை. பெற்ற மகள் அதீபாவைப் பார்த்து, "இந்தப் பாப்பா யார் வூட்டுப் பொண்ணு?" என்று கேட்டார். என்னை மட்டும் தெரிந்தது. தூரத்தில் நின்றால் ஒரு மாதிரி முழிப்பார், பக்கத்தில் போனதும் முகம் மலர்ந்துவிடும். "வந்துட்டியா நஸ்ரு?" என்பார். வேலையை விட்டுவிட்டு அவரோடேயே இருந்தேன். எனக்கு எவ்வளவு கர்வம் தெரியுமா! பார்க்க வந்த நாத்தனார்களிடம் எல்லாம் அவரைப் பேசவைத்துக் காட்டினேன். உங்களை எல்லாம் மறந்தாரே, என்னை மறந்தாரா பாருங்கள் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். எல்லாம் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதீபாவுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங். எனக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று பெங்களூர் வேலையை விட்டுவிட்டு வந்து, அடையாறில் குப்பையைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்புகிற ஓர் அமைப்பில் சேர்ந்தாள். எங்கள் வீடு மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடி. மெட்ரோவுக்குத் தோண்டுகிற புழுதியே அவளுக்கு ஆகவில்லை. போதாக்குறைக்கு என் டப்பா. காலையில் நான் கையைத் தூக்கிப் புஸ்ஸென்று அடித்தால் அடுத்த அறையில் இருமல் தொடங்கும். ஒரு நாள் இழுப்பு முற்றிப்போய் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மூக்கில் மாஸ்க்கை வைத்துக்கொண்டு அவள் கிடக்க, நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஸ்ப்ரே எதுவும் வீட்டுக்குள் வேண்டாம் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் ஆரம்பித்தாள்.

"வேலைக்கும் போறதில்ல, பஸ்லயும் ஏறுறதில்ல. யாருக்காக அம்மி இத அடிச்சிக்கிற?"

"எனக்காக."

"நீ தூக்கிப் போட்ட டப்பா எல்லாம் எங்க போச்சுன்னு தெரியுமா? குப்ப மேட்டுல கெடக்கு. உள்ள மிச்சம் இருக்கிற கேஸ் வெயில்ல வெடிக்கும். எங்க ஆளுங்க கையால பொறுக்குறாங்க."

"ஊர்ல எல்லாரும் போடுறாங்க. என் டப்பா மட்டும்தான் வெடிக்குதா?"

"சரி, அதெல்லாம் விடு. எனக்கு மூச்சு வேணும் அம்மி."

அன்றைக்கே சென்ட் அடிப்பதை விட்டுவிட்டேன். டப்பாக்களை, பாதி இருந்ததையும் சேர்த்து, அவளே ஒரு பையில் கட்டி எடுத்துப்போனாள். பதிலுக்கு ஒரு படிகாரக் கல்லைக் கொண்டுவந்து கொடுத்தாள். சவரக் கடையில் கன்னத்தில் தேய்ப்பார்களே, அதே கல். குளித்துவிட்டு அதை நனைத்து அக்குளில் தேய்த்துக்கொள்ள வேண்டுமாம். நன்றாக முணுமுணுத்தேன். ஆனால் பொய் சொல்லக் கூடாது, வருஷக்கணக்காக இருந்த அரிப்பு அடங்கிப்போனது. அதீபாவும் இருமாமல் தூங்கினாள். பக்கத்து வீட்டுக்காரிகளிடமெல்லாம் படிகாரத்தின் பெருமையைப் பேச ஆரம்பித்துவிட்டேன்.

சில நாள் கழித்து, காலையில் அவருக்கு டீ கொண்டுபோனேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வாங்க மேடம், உக்காருங்க. இன்னா கலர் பாக்கறீங்க?"

"லொள்ளு போதும், டீயக் குடிங்க" என்றேன்.

இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கிக்கொண்டார். "எங்க வூட்டுக்காரம்மா அடையாறு போய்க்கிறாங்க. ஆறு மணிக்கு வந்துடுவாங்க. நீங்க ஆயா வேலைக்கு வந்தவங்களா?"

அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான்தாங்க, நஸ்ரு. நல்லாப் பாருங்க" என்றேன். சுவர் வரைக்கும் நகர்ந்துபோனார்.

"தொடாதீங்க மேடம். நான் கல்யாணம் ஆனவன்."

நோய் இப்படித்தான் முற்றும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். நானும் நம்பினேன், அதீபாவும் நம்பினாள். எல்லாரையும் விழுங்கிய நோய் கடைசியில் என்னையும் விழுங்கிவிட்டது என்று இரண்டு பேரும் சமையலறையில் உட்கார்ந்து அழுதோம். டப்பாவின் ஞாபகம் ஒருத்திக்கும் வரவில்லை.

குளிப்பாட்டுவதுதான் பெரும்பாடு. அந்நியப் பொம்பளை மேலே கை வைக்கலாமா என்று கூச்சல். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். "மேடம், நீங்க கண்ண மூடிக்கினு தண்ணி ஊத்துங்க. நான் தேச்சிக்கிறேன்." அவர் உடம்பில் எந்த மச்சம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவள் நான். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு குவளையால் தண்ணீர் ஊற்றினேன். நடுவில் இமை லேசாகத் திறந்தாலும், "மேடம், பாக்குறீங்க" என்பார். கண்ணை மூடிக்கொண்டு அழுவது ஒரு விதத்தில் சௌகரியமாகத்தான் இருந்தது.

சாயங்காலம் ஆனால் பால்கனியில் போய் நின்றுகொள்வார். "பஸ் இன்னும் வரல போல கீது" என்பார். "நான் இங்கதாங்க இருக்கேன்" என்று ஒரு நாள் கத்தியே விட்டேன். என்னைத் திரும்பிப் பார்த்து யோசித்தார்.

"கொரலு மட்டும் அப்படியே அவ கொரலு. நீங்க அவளுக்கு அக்காவா?"

அக்காவாம்! நான் அவ்வளவு கிழவியாகவா தெரிகிறேன்? பாத்திரத்தை எல்லாம் டங்கு டங்கென்று போட்டு விளக்கினேன். சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது.

கே.கே. நகரில் ஒரு சொந்தக்காரப் பையனுக்குக் கல்யாணம் முடிந்து வலீமா விருந்து. அதீபா அப்பாவைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதால் கிளம்பினேன். துவைத்த புர்கா எதுவும் காயவில்லை. பீரோவின் அடித்தட்டில், வேலைக்குப் போன காலத்தில் போட்டது ஒன்று மடித்தபடி கிடந்தது. அதை உதறி மாட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்று சொல்ல அவர் அறைக்குள் தலையை நீட்டினேன்.

அவர் மூக்கு விடைத்தது. கட்டிலை விட்டு இறங்கினார். நடக்கத் தடுமாறுகிற மனிதர், சுவரைப் பிடிக்காமல் நேராக நடந்து வந்தார்.

"எங்கடி போயிட்ட இத்தினி நாளா? பஸ் கெடைக்கலியா?"

என் தோளைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். முகத்துத் துணியைத் தூக்கிப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. புர்காவின் அக்குளில், தையலுக்குள், என் பழைய நாட்களின் வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது.

விருந்துக்குப் போகவில்லை. அன்றைக்கு முழுவதும், அந்த வெக்கையில், வீட்டுக்குள்ளேயே புர்காவோடு உட்கார்ந்திருந்தேன். அவருக்குச் சோறு ஊட்டினேன். என் கையைப் பிடித்துக்கொண்டு மாமியாரைப் பற்றிப் புகார் சொன்னார், முதலாளி நலம் விசாரித்தாரா என்று கேட்டார், என் மடியில் தலை வைத்துத் தூங்கினார். வேர்வை ஊற்றியது. ஊற ஊற அந்தப் பழைய வாசனை கரைந்துகொண்டே வந்தது. மறுநாள் காலையில் அதே புர்காவோடு பக்கத்தில் போய் நின்றேன். "வாங்க மேடம்" என்றார்.

எல்லாம் அந்த வாசனைதான் என்று சொன்னதும் அதீபா தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அவருக்குத் தெரிஞ்சது உன்ன மட்டும்தான். அதையும் நான் பையில கட்டி எடுத்துட்டுப் போயிட்டேன் அம்மி" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

"மூச்சு விடுறது ஒரு குத்தமாடி? எந்திரி" என்று அதட்டினேன். அதட்டினேனே தவிர, உள்ளுக்குள் நொறுங்கித்தான் போயிருந்தேன். கர்வப்பட்ட பாசம் எங்கே போனது? முகம் வேண்டாம், குரல் வேண்டாம், கூடவே வாழ்ந்த வருஷங்கள் வேண்டாம். தாடிக்காரன் படம் போட்ட ஒரு டப்பாதான் நான்.

தேடப் போனோம். பாண்டி பஜார், ஆழ்வார்பேட்டை, அடையாறு என்று ஒரு கடை விடவில்லை. அந்த வாசனையைக் கம்பெனிக்காரன் நிறுத்திவிட்டானாம். அதே பெயரில், அதே நீலத்தில் புதுசாக ஒன்று விற்கிறான். வாங்கி மொட்டைமாடியில் நின்று அடித்துக்கொண்டு இறங்கி வந்தேன். "நல்ல சென்ட்டு போட்டுக்கிறீங்க மேடம். எங்க கடைக்கு ஒரு கஸ்டமர் இப்படித்தான் வருவாங்க" என்றார். அந்தக் கஸ்டமர் யாரோ, நாசமாய்ப் போக.

ஒரு நாள் அதீபா வேலையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றாள். கண் சிவந்து, மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. மூன்று பிளாஸ்டிக் பைக்குள் எதையோ சுற்றி வைத்திருந்தாள். அவர்கள் கிடங்கில் தகர டப்பாக்கள் மலை மாதிரி குவிந்து கிடக்கும். ஊர் முழுக்கத் தூக்கிப் போட்ட சென்ட் டப்பாக்கள் அதில் உண்டு. இரண்டு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு, நடுநடுவே வெளியே ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டு, அந்தக் குவியலைக் கிளறியிருக்கிறாள். பழைய நீல டப்பா கிடைத்ததையெல்லாம் ஆட்டிப் பார்த்ததில், ஒன்றில் மட்டும் அடியில் கொஞ்சம் சலசலத்ததாம்.

"ரெண்டு மூணு தடவ அடிக்க வரும்னு நெனைக்கிறேன். நான் வீட்ல இல்லாதப்ப அடிச்சிக்கோ அம்மி. மொட்டமாடியில வெச்சிடு."

அவளைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன். பக்ரீத் அன்று காலையில் அடித்துக்கொள்வது என்று தீர்மானித்தேன். வருஷா வருஷம் தொழுகை முடித்து வந்து, "ஈத் முபாரக் நஸ்ரு" என்று என் தலையில் கை வைப்பார். இந்த வருஷமும் அதை ஒரு தடவை கேட்டுவிட்டால் போதும். டப்பாவைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வாளியைக் கவிழ்த்து மறைத்து வைத்தேன்.

அதற்குள் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அவருக்கு மேடத்தைப் பிடித்துப்போய்விட்டது.

பிஸ்கட் கொடுத்தால் பாதியை எனக்கென்று எடுத்து வைப்பார். "மேடம், நீங்க சாப்டீங்களா?" என்று கேட்பார். குடும்பம் நடத்திய இத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது நஸ்ருவிடம் அதைக் கேட்டிருப்பாரா இந்த மனிதர்! ஒரு நாள் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு வெங்காயத்தோல் கலர் எடுக்கும்" என்றார். மறுநாள் வெங்காயத்தோல் நிறத்தில் ஒரு துப்பட்டா வாங்கிப் போட்டுக்கொண்டு அவர் முன்னால் இரண்டு தடவை நடந்தேன். ஆமாம், நடந்தேன். இந்த வயதில் என்ன வெட்கம் கெட்ட வேலை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். "நான் சொல்லல?" என்று அவர் சிரித்தபோது எனக்கு உள்ளே ஜில்லென்று இருந்தது.

"உங்க வீட்டுக்காரம்மா எப்படி?" என்று வேண்டுமென்றே கேட்டேன்.

"அவளா? கோவக்காரி. வாயத் தொறந்தான்னா தெருவே கேக்கும்." இதற்குத்தான் கேட்டேனா என்று இருந்தது. அவர் நிறுத்தவில்லை. "ஆனா மேடம், நாள் பூரா கலரு கலராப் பாத்துக் கண்ணு எரியும். ராத்திரி வூட்டுக்கு வந்து அவ பக்கத்துல உக்காந்தாத்தான் எரிச்சல் அடங்கும். அவகிட்ட சொன்னதில்ல. சொன்னா தலைக்கு மேல ஏறிக்குவா."

சமையலறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சொல்லியிருக்கக் கூடாதா? தலைக்கு மேல் ஏறினால்தான் என்ன குடிமுழுகிவிடும்?

அன்றிலிருந்து எனக்கே குழப்பமாகிவிட்டது. பால்கனியில் அவர் காத்துநிற்கும் நஸ்ருவைப் பார்த்தால் பொறாமையாக இருந்தது. பாதி பிஸ்கட் வாங்குகிற மேடத்தைப் பார்த்தாலும் பொறாமையாக இருந்தது. ஒரு நாள் தாடியை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தார். பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருந்தார். அப்புறம் சுட்டுக்கொண்டவர் மாதிரி உதறிவிட்டு, "தவ்பா, தவ்பா" என்று பாவமன்னிப்புக் கேட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இது நடந்த சில நாளில், ஒரு மத்தியானம், அதீபா வேலைக்குப் போயிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் தானாகவே சட்டையை மாட்டி, பொத்தானை மாற்றி மாற்றிப் போட்டு, தொப்பி வைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கடையில் முதலாளியின் முன்னால் நிற்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மேடம், நாளையிலேர்ந்து நீங்க வராதீங்க."

"ஏங்க? நான் என்ன பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல. தப்பு எம் மனசுல கீது. ஒங்க பக்கம் சாயுது." தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நேத்து சாயங்காலம் நஸ்ரு வரல. வரலியேன்னு எனக்குத் தோணவே இல்ல மேடம். நீங்க இங்க இருந்தீங்க, அது போதும்னு இருந்துச்சு. எவ்ளோ பெரிய துரோகம் பாருங்க. அவளுக்கு என்ன வுட்டா யாரும் இல்ல. கெளம்புங்க."

"நான்தாங்க நஸ்ரு." எத்தனையாவது தடவையோ.

"அப்படிச் சொல்லாதீங்க. பாவம்." கதவை அவரே திறந்து பிடித்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "போய்ட்டு வாங்கன்னு சொல்லமாட்டேன். போய்டுங்க."

செருப்புகூடப் போடாமல் வெளியே வந்தேன். கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாளைப் போடுகிற சத்தம் கேட்டது. படியில் உட்கார்ந்தேன். என்னைக் காப்பாற்றத்தான் என்னைத் துரத்தியிருக்கிறார். இதற்கு யார் மேல் கோபப்படுவது? அழுது முடித்தபோதுதான் சுரீரென்று பட்டது. அடுப்பில் பால் இருக்கிறது. வீட்டில் அவர் தனியாக இருக்கிறார்.

ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன். "என்னங்க, நஸ்ரு வந்துருக்கேன், தெறங்க!"

"மேடம், அவ கொரல்ல பேசாதீங்க." கதவுக்கு அந்தப் பக்கம் மிக அருகில் அவர் குரல் கேட்டது. "கெஞ்சிக் கேக்கறேன், போய்டுங்க."

மொட்டைமாடிக்கு ஓடினேன். தரை கொதித்தது. வாளியைத் தள்ளி டப்பாவை எடுத்தேன். யா அல்லாஹ், பெருநாளுக்கென்று வைத்தது. கையைத் தூக்கி அடித்தேன், கழுத்தில் அடித்தேன், துப்பட்டாவைச் சுருட்டிப் பிடித்து அதில் அடித்தேன். கடைசியில் வெறும் காற்றுதான் சீறியது. அதையும் அடித்தேன்.

கீழே வந்து, தரையில் குப்புறப் படுத்து, கதவின் அடி இடுக்கில் துப்பட்டாவின் நுனியை விரலால் தள்ளித் தள்ளி உள்ளே நுழைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் மூச்சை இழுக்கிற சத்தம். தாழ்ப்பாள் திறந்தது.

"நஸ்ரு!"

அவரைத் தள்ளிக்கொண்டு போய் அடுப்பை அணைத்தேன். பால் பொங்கி வழிந்து நெருப்பை அவிக்கப் பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். திரும்பி வந்து அவரைக் கட்டிக்கொண்டேன். என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். கூடத்து ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எட்டி அதை நிறுத்தினேன். காற்றில் வாசனை போய்விடும்.

கட்டிலில் உட்கார்ந்ததும் துப்பட்டாவைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வெங்காயத்தோல். இது அவங்கள்து. ஒங்கிட்ட எப்படி வந்துச்சு?"

"படியில பாத்தேன். ஒரு அம்மா ஒக்காந்து அழுதுட்டு இருந்தாங்க. குடுத்துட்டுப் போனாங்க."

"திட்டினியா?"

"இல்ல."

"நீ கோவக்காரி. திட்டியிருப்ப." என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நஸ்ரு, ஒங்கிட்ட மறைக்கமாட்டேன். அவங்க மேல எனக்கு மனசு போயிடுச்சு. தப்பா ஒண்ணும் நடக்கல, அல்லா பாத்துக்கினுதான் இருந்தான். அதான் அனுப்பிட்டேன். ரொம்ப நல்லவங்க. யாரும் இல்லாதவங்க போல. குளிப்பாட்டுறப்போ கண்ண மூடிக்கினு அழுவாங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கினு."

அவர் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மத்தியானம் சாப்டாங்களோ இல்லியோ. கேட்டியா?"

"கேட்டேங்க. சாப்டாங்களாம்."

"நல்லது." பெருமூச்சு விட்டார். "இனிமே அவங்கள உள்ள வுடாத. வந்தாங்கன்னா எம் மனசு நிக்காது. வாசலோட அனுப்பிடு. எம் மேல சத்தியம் பண்ணு."

நாளைக் காலையில் அவருக்கு டீ கொண்டுவரப் போகிறவள் அந்த மேடம்தான். இன்னும் கொஞ்ச நேரம்தான், அப்புறம் இந்த வாசனையும் போய்விடும், டப்பாவும் காலி. அவர் துரத்திவிட்ட பொம்பளையாக மறுபடியும் இந்த அறைக்குள் நான் வந்தே தீர வேண்டும். அப்போது அவர் முகம் எப்படி இருக்கும்? அவர் தலையில் கை வைத்தேன்.

"வுடமாட்டேன். சத்தியம்" என்றேன்.

நிம்மதியாகச் சிரித்தார். என் தோளில் சாய்ந்துகொண்டார். நெற்றியிலிருந்து வேர்வை வழிந்து தாடிக்குள் இறங்கியது. மாற்றிப் போட்ட பொத்தான்களோடு சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டுவிட்டது.

"ரொம்பப் புழுங்குது நஸ்ரு. ஃபேன் போடேன்."

"கொஞ்சம் பொறுங்க."

"முடியலடி."

இன்னும் ஒரு நிமிஷம் அவரை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எழுந்துபோய் ஃபேனைப் போட்டேன்.